பின் ஷொக் ஒயில் கக்குகிறது: நானே பிரித்துக் கட்டலாமா, கூடவே ட்யூனையும் மாற்றலாமா?

நிலாவெளி_சுழியோடி:

வணக்கம் எல்லோருக்கும். வண்டி 2019 ரேஞ்சர் ராப்டர், டீசல். கொழும்பில் ஒருவர் கையிலிருந்து வாங்கி மூன்று வருடம், மீற்றரில் ஒரு லட்சத்துப் பதினோராயிரம். சுழியோட வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப் போவதுதான் என் தொழில், அதனால் வண்டியின் பாதி வாழ்க்கை நிலாவெளி மணலில், மீதிப் பாதி குச்சவெளிக்கு அங்கால் கிறவல் ரோட்டில். பெட்டியில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு காற்றுச் சிலிண்டர் இருக்கும், ஒன்று 15, 16 கிலோ வரும், அதோடு ஈயக்கட்டிகள், ஒரு கம்பிரசர், சில நாள் மேலே ஆட்களும்.

இடது பின் ஷொக்கில், தண்டு வெளியே வருகிற வாயில் ஒயில். ஆரம்பத்தில் வியர்வை மாதிரித்தான் இருந்தது, தூசி ஒட்டிக் கறுப்பாகக் கிடக்கும், துடைத்துவிட்டு ஓடினேன். போன மாதம் திரியாய்ப் பக்கம் போய்வந்து குனிந்து பார்த்தால் கீழ் புஷ் வரைக்கும் வழிந்திருக்கிறது. வலது பக்கம் காய்ந்துதான் இருக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் பின்பக்கம் ஒருதரம் எழும்பி நிற்காமல் மூன்று தரம் ஆடுகிறது, சிலிண்டர்கள் கோயில் மணி மாதிரி அடிக்கின்றன. பிழை என்னுடையதுதான், மூன்று வருடத்தில் அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவிய நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

புது ஜோடிக்குக் கொழும்பில் சொன்ன விலைக்கு இங்கே ஒரு பழைய ஓட்டோ வாங்கிவிடலாம். இது பிரிக்கக்கூடிய ஷொக், சீல் மாற்றி ஒயில் விட்டு மறுபடி பூட்டலாம் என்கிறார்கள், உண்மையா? எப்படியும் பிரிக்கிறோம் என்றால் உள்ளே இருக்கிற ஷிம்களை (ஒயிலின் வழியை மறிக்கிற மெல்லிய வளையங்கள்) மாற்றி, சுமையோடு போகும்போது பின்பக்கம் இறுக்கமாகவும் கிறவலில் மெத்தென்றும் இருக்கிற மாதிரிச் செய்ய முடியுமா? இப்போது மாரி, கடல் கலங்கிக் கிடக்கிறது, ஏப்ரல் வரைக்கும் தொழில் இல்லை. கையில் நேரம் இருக்கிறது, காசுதான் இல்லை.

இன்னொன்று. ஷொக்குக்குள் 200 அழுத்தத்தில் நைட்ரஜன் அடிக்க வேண்டும் என்று எங்கோ படித்தேன். எங்கள் சிலிண்டர் நிரப்புகிற கம்பிரசரும் 200 வரை ஏற்றும். அதிலேயே அடித்துவிடலாமா?

கண்டிவீதி_கராஜ்:

தம்பி, ஷொக் கழற்றி எறிகிற சாமான். பிரித்துக் கட்டின ஷொக் ஆறு மாதம் ஓடினால் பெரிய காரியம். நான் 25 வருடமாகப் பார்க்கிறேன், ஹைலக்ஸ், எல்200, எல்லாவற்றுக்கும் புதிசு போடு, நிம்மதியாக இரு. அந்த விலை கொடுக்க முடியாது என்றால் சாதாரண ரேஞ்சரின் ஷொக் பொருந்துமா என்று பார்.

லேத்_மேசை:

மேலே சொன்ன அண்ணன் ஹைலக்ஸ், எல்200 ஷொக்குக்குச் சொன்னது சரி. அவை இரட்டைக் குழாய், வாயை மடித்து அடைத்துவிடுவார்கள், வெட்டாமல் திறக்க முடியாது. இது வேறு இனம். சாதாரண ரேஞ்சரின் ஷொக் இதில் உட்காராது, அதற்குப் பின்னால் லீஃப், அதாவது பட்டை ஸ்பிரிங், இதற்குச் சுருள் ஸ்பிரிங், தொங்கலே வேறு.

முதலில் உன் கடைசிக் கேள்வி, ஏனென்றால் அதில்தான் உயிர் இருக்கிறது. வேண்டாம். ஷொக்குக்குச் சொல்கிற 200 ‘பிஎஸ்ஐ’ அளவில், உன் கம்பிரசர் ஏற்றுகிற 200 ‘பார்’ அளவில். ஒரு பார் பதினாலரை பிஎஸ்ஐ, அதாவது நீ அடிக்கப் பார்ப்பது 2900. எண் ஒன்றுதான், அளவுகோல் வேறு. சரி, அழுத்தத்தைக் குறைத்து அடிக்கிறேன் என்பாய், அதுவும் வேண்டாம். உன் சிலிண்டரில் இருப்பது காற்று, ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன். ஒயிலையும் அழுத்தமான காற்றையும் ஒரே குழாயில் அடைத்து வேகமாக இடித்தால் டீசல் என்ஜினுக்குள் என்ன நடக்கிறதோ அதுதான் நடக்கும். நைட்ரஜன் ஏன் என்றால் அது பற்றாது, ஈரம் கொண்டு வராது, ஒயிலைக் கெடுக்காது.

இனி ஷொக். துபாயில் ஆறு வருடம் மணல்மேட்டில் ஓடுகிற வண்டிகளின் ஷொக் மேசையில் நின்றிருக்கிறேன், உன் வண்டியில் இருக்கிற இதே ஃபொக்ஸ் கம்பனியின் 2.5 அங்குல வகை நிறையக் கை பட்டிருக்கிறது. உன் வண்டி 2018இல் வந்த முதல் வகை, மின் வயர் இல்லாதது, அதனால் பிரிக்கலாம். 2022க்குப் பிறகு வந்த வகையில் சிலதில் ஷொக்குக்கு வயர் போகிறது, லைவ் வால்வ் என்பார்கள், அதை வீட்டு மேசையில் தொடாதே.

கழற்றும்போது ஒன்று. இந்த வண்டியில் பின்னாலும் சுருள் ஸ்பிரிங் ஷொக்கின் மேலேயே இருக்கிறது. மேல் நட்டைக் கழற்றுகிற முன் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி வேண்டும், நல்ல கருவி, கடையில் விற்கிற மெல்லிய இரட்டைக் கம்பி இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மேல் தட்டு முகத்தில் அடித்து இரண்டு பல் போனது. அந்த வேலையை மட்டும் ஒரு கராஜில் கொடுத்துச் செய்வி, வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்பிரிங் இல்லாமல் ஷொக் கையில் வந்ததும் பக்கத்தில் ஒட்டியிருக்கிற சின்னக் குடுவையின் முனையைப் பார். டயர் வால்வு மாதிரி இருந்தால் ஊசியை அமுக்கி வாயுவை மெல்ல விடு, முகத்தை அங்கால் வைத்துக்கொள். சிலதில் வால்வு இருக்காது, ஒரு சின்ன ஸ்க்ரூவுக்குள் ரப்பர் குண்டு இருக்கும், அதற்கு ஊசி முனைக் கருவி வேண்டும், இல்லையென்றால் மூடியையே வால்வு உள்ளதாக மாற்ற வேண்டும். எதுவாக இருந்தாலும் வாயு முழுக்க வெளியேறி, தண்டைக் கையால் அமுக்கினால் திரும்பி வராத நிலைக்கு வந்த பிறகுதான் வேறு எதையும் தொட வேண்டும். பிறகு சீல் இருக்கிற தலையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் கம்பி வளையம் ஒன்று தெரியும், அதை நெம்பி எடுத்தால் தண்டு, தலை, பிஸ்டன் எல்லாம் ஒரே கோர்வையாக வெளியே வரும்.

தண்டை நேரடியாக வைஸில் கடிக்காதே. ஒரு கீறல் விழுந்தால் புது சீலும் இரண்டு மாதம்தான்.

கழுவி, நகத்தால் தண்டை மேலிருந்து கீழே இழுத்துப் பார். நகம் எங்கேயாவது தட்டினால் குரோம் குழி விழுந்திருக்கிறது, உப்பு தின்ற இடம். சின்னக் கீறல் என்றால் 2000 நம்பர் தண்ணீர்த் தாளால் தண்டைச் சுற்றி மெல்லத் தேய்க்கலாம். குழி என்றால் சீல் மாற்றிப் பயனில்லை, தண்டு புதிசு, அல்லது ஹைட்ரோலிக் சிலிண்டர் வேலை செய்கிற இடத்தில் ஹார்ட் குரோம். அதற்குக் கொழும்புதான்.

நிலாவெளி_சுழியோடி:

அண்ணா, பெரிய உபகாரம். அந்தப் பார், பிஎஸ்ஐ கதையை வாசித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தேன். நாங்கள் நாள் முழுக்க பாரில் கதைப்பதால் அது மண்டையில் ஏறவே இல்லை.

நைட்ரஜனுக்கு எங்கே போவது? டயர் கடையில் நைட்ரஜன் அடிக்கிறார்களே, அது போதுமா?

கிண்ணியா_குளிரூட்டி:

டயர் கடை மிஷின் 200 பிஎஸ்ஐ வரை வராது தம்பி. டயருக்கு வேண்டியது முப்பது நாற்பது, அதற்கான மிஷின்.

உனக்கு வேண்டியது என்னை மாதிரி ஏசி வேலை செய்கிறவன். நாங்கள் ஏசிக் குழாயில் கசிவு பார்க்க நைட்ரஜன்தான் அடிக்கிறோம், உலர்ந்த வாயு, பெரிய சிலிண்டர், ரெகுலேட்டர் இருக்கிறது, 300, 400 பிஎஸ்ஐ வைத்துவிட்டு ராத்திரி முழுக்கப் பார்ப்போம். உன் ஷொக்குக்கு 200 என்பது எங்களுக்கு விளையாட்டு. ஆனால் எங்கள் ஹோஸின் முனை டயர் வால்வில் ஏறாது, நடுவில் ஒரு அடப்டர் கடைய வேண்டும். பாலத்துக்கு இங்கால் வந்தால் என் கடை, அடப்டரை மட்டும் கொண்டு வா, வாயுவுக்குக் காசு வேண்டாம், என் மகனை ஒருதரம் புறாத்தீவுக்குக் கூட்டிப் போய் மீன் காட்டு.

ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரில் நேரடியாகப் பொருத்துகிற பேர்வழிகளும் இருக்கிறார்கள். நிறைந்த சிலிண்டருக்குள் 2000 பிஎஸ்ஐக்கு மேலே இருக்கும். அப்படிச் செய்கிறவன் கடையில் ஒரு நிமிடம் நிற்காதே.

நிலாவெளி_சுழியோடி:

கிண்ணியா நானா, ஏப்ரலில் உங்கள் மகன் முதல் படகிலேயே வருகிறான்.

சரி, இப்போது ட்யூன் விஷயம். ஷிம்களை ஒரு படி தடிப்பாகப் போட்டால் எவ்வளவு இறுகும்? சுமையோடு கிறவலில் போகும்போது பின்பக்கம் சுத்தியலால் அடிக்கிற மாதிரி இருக்கிறது, வெறும் வண்டியாகப் போனால் அந்த அடி இல்லை. இதை அப்படியே ஷிம் மாற்றிச் சரி செய்யலாம் என்று நினைத்தேன்.

லேத்_மேசை:

நீ இதைக் கேட்டது நல்லது, ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் காசைக் கொட்டுகிறார்கள்.

ஷிம் என்பது பிஸ்டனின் ஓட்டைகளை மூடிக்கொண்டிருக்கிற மெல்லிய எஃகு வளையங்கள். ஒயில் தள்ளும்போது வளைந்து வழி விடும். வளைய எவ்வளவு அடம் பிடிக்கிறதோ அவ்வளவு இறுக்கம். அந்த அடம் தடிப்பின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது, அதாவது 0.20 மில்லிமீற்றர் ஷிம்முக்குப் பதில் 0.25 போட்டால் ஒரு ஷிம்முக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கையில் பிடித்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, மைக்ரோமீற்றர் வேண்டும். அதனால் ‘ஒரு படி’ என்று ஒரே தரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் வண்டி மாட்டு வண்டியாகிவிடும்.

ஆனால் உன் ஷொக்கில் கதை அதோடு முடியவில்லை. உள்ளே இரண்டு குழாய் இருக்கிறது, ஆனால் ஹைலக்ஸின் இரட்டைக் குழாய் மாதிரி இல்லை, இதில் வாயு தனியாகக் குடுவையில். பிஸ்டன் ஓடுவது உள் குழாயில். அந்தக் குழாயின் நடுப்பகுதியில் ஓட்டைகள் போட்டிருக்கிறார்கள். பிஸ்டன் நடுவில் ஓடும்போது ஒயிலில் நிறைய அந்த ஓட்டைகளால் வெளியேறி, குழாய்க்கு வெளிப்புறமாகச் சுற்றிப் பிஸ்டனின் மறுபக்கம் வந்துவிடுகிறது, ஷிம் பக்கம் போகிறது குறைவு. அதனால்தான் நடுவில் மெத்தென்று இருக்கிறது. பிஸ்டன் கடைசிப் பகுதிக்குப் போகும்போது ஓட்டைகள் முடிந்துவிடும், எல்லா ஒயிலும் ஷிம் வழியாகத்தான் போயாக வேண்டும், அங்கே ஷொக் கல்லாகிறது. பெரிய பள்ளத்தில் அடி முட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

இப்போது உன் சுமையை யோசி. பன்னிரண்டு சிலிண்டர், கம்பிரசர், ஈயம், ஆட்கள் எல்லாம் ஏறியதும் பின்பக்கம் இறங்குகிறது. பின்பக்கம் இறங்கினால் பிஸ்டன் நிற்கிற இடமும் மாறுகிறது. நடுவில் நிற்க வேண்டியது கல்லாகிற பகுதியின் வாசலில் போய் நிற்கிறது. அதற்குப் பிறகு கிறவலின் ஒவ்வொரு அலையும் உன்னை அந்த வாசலுக்குள் தள்ளி எடுக்கிறது. வெறும் வண்டியில் அடி இல்லை, சுமையில் அடி இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய், அதுதான் விடை. ஷிம்மை இளக்கினால் அந்த அடி கொஞ்சம் குறையும், ஆனால் பெரிய பள்ளத்தில் அடி முட்டும். இறுக்கினால் அடி கூடும். இரண்டும் உனக்கு வேண்டாம். உனக்கு வேண்டியது சுமையைத் தாங்குகிற ஸ்பிரிங், பிஸ்டனை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர.

ஷொக் சுமை தாங்காது. உள்ளே இருக்கிற வாயு கொஞ்சம் தூக்கும், அவ்வளவுதான். உதாரணத்துக்குத் தண்டு 22 மில்லிமீற்றர் என்று வைத்தால் அதன் முகப்பு 3.8 சதுர சென்ரிமீற்றர், 200 பிஎஸ்ஐயில் அது தள்ளுகிற பலம் ஏறக்குறைய 53 கிலோ. இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு ஆளின் பாரம்கூட முழுசாக வராது. அதனால் வாயுவைக் கூட அடித்தால் இறுகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வா. வாயு இருப்பது ஒயிலில் நுரை கட்டாமல் பிடித்து வைக்க.

ஒரு வேலை செய். சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை வெறும் வண்டியில் அள, பிறகு சுமை ஏற்றி அள. எண்ணைப் போடு, அப்புறம் கதைப்போம்.

மூதூர்_ட்ரைவர்:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். என்னிடம் பழைய ஹைலக்ஸ். இங்கே ஒரு மெக்கானிக் பாஸ் ஷொக்கின் மேல் மூடியை வெட்டி, சீல் மாற்றி, ஒயில் விட்டு, வெல்டிங் அடித்துத் தந்தார். முதல் மாதம் அருமை. பிறகு தோப்பூர் ரோட்டில் இருபது நிமிடம் ஓடினால் பின்பக்கம் படகு மாதிரி. ஆறவிட்டால் மறுபடி நல்லா இருக்கு. இதுக்கு என்ன காரணம்? பேசாமல் இதையும் அந்த மாதிரி வாயு ஷொக்காக மாற்றலாமா?

லேத்_மேசை:

மூதூர் தம்பி, அது நுரை. இரட்டைக் குழாய் ஷொக்கில் ஒயிலும் வாயுவும் ஒரே அறையில், நடுவில் தடுப்பு இல்லை. தொழிற்சாலையில் கொஞ்ச அழுத்தத்தில் வாயு வைத்திருப்பார்கள், வெட்டியதும் அது போய்விட்டது, வெல்டிங் அடித்த பிறகு உள்ளே இருப்பது சும்மா காற்று. வேகமாக ஆடும்போது ஒயில் மோர் கடைகிற மாதிரி நுரைத்துவிடும், நுரைக்குத் தடுக்கிற பலம் இல்லை, ஆறினால் அடங்கும். ஒயிலும் அவர் என்ன விட்டாரோ, இங்கே பலர் ஹைட்ரோலிக் ஒயில் விடுகிறார்கள், சூட்டில் தண்ணீராகிவிடும். ஹைலக்ஸுக்குப் புது ஷொக் நியாயமான விலையில் கிடைக்கும், அதில் கண்டி வீதி அண்ணன் சொல்வதுதான் சரி.

கண்டிவீதி_கராஜ்:

நன்றி. இந்தத் திரியில் நான் சொன்னதில் ஒன்றையாவது ஒத்துக்கொண்டீர்களே.

நிலாவெளி_சுழியோடி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், நிறைய இருக்கிறது.

முதலில் அளவு. சுமை இல்லாமலும் சுமையோடும் பின்பக்க வித்தியாசம் 6 சென்ரிமீற்றர். லேத் அண்ணா சொன்னபடியே.

ஸ்பிரிங்கைக் கராஜில் கழற்றிக்கொண்டேன், இரண்டு ஷொக்கும் வீட்டு மேசையில். குடுவையில் டயர் வால்வுதான் இருந்தது, நல்ல காலம். இடதில் வாயு விட்டபோது ஒரு சின்ன மூச்சுத்தான் வந்தது, வலதில் சீறியது. தலையைத் திறந்து ஒயிலை ஒரு வெள்ளை வாளியில் ஊற்றினேன். ஒயில் என்று சொல்ல முடியாது, சாம்பல் நிறச் சேறு, வாளியைச் சாய்த்தால் வெள்ளிப் பூச்சு மாதிரி மினுங்குகிறது, நாற்றம் அழுகின இறால் மாதிரி. அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைச் சாத்தினார்.

சீலின் வாயில், தூசி தடுக்கிற ரப்பர் உதட்டுக்குள், கறுப்பு மணல். அது நிலாவெளி மணல் இல்லை, புல்மோட்டைப் பக்கத்து மணல், காந்தம் பிடித்துப் பார்த்தேன், பாதி ஒட்டியது. போன சீசனில் மூன்று தரம் அந்தப் பக்கம் போனேன், அதன் கூலி.

தண்டில் ஒரே ஒரு இடத்தில் நகம் லேசாகத் தட்டியது, தேய்த்ததும் போய்விட்டது. வலதில் ஒன்றும் இல்லை.

ஷிம்களை நட்டிலிருந்து கழற்றும்போது ஒவ்வொன்றாக ஒரு கட்டுக்கம்பியில் கோர்த்தேன், மீன் கோர்வை மாதிரி, மேல் கீழ் மாறாமல். கழுவி அதே வரிசையில் போட்டேன். ஒன்றையும் மாற்றவில்லை. ஒயில் நிரப்பி, மெல்ல மேலும் கீழும் இழுத்து, பிஸ்டனுக்குக் கீழே ஒளிந்திருந்த காற்றெல்லாம் குமிழியாக வர ஒரு மணித்தியாலம் ஆனது. நடுவில் இரண்டு ப்ளேன்டீ. பக்கத்து வீட்டுப் பெடியன் மரச்சுத்தியலால் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்தான், தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது.

இப்போது பிரச்சினை. குடுவைக்குள் ஒயிலையும் வாயுவையும் பிரிக்கிற மிதக்கும் பிஸ்டன் இருக்கிறதே, அது எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்று தெரியாததால், கழற்றும்போது இடது ஷொக்கின் தண்டை முழுக்க வெளியே இழுத்து வைத்துக் குடுவை வாயிலிருந்து அளந்து எழுதி வைத்தேன். பூட்டும்போது இரண்டிலும் அதே ஆழம். நானாவிடம் போய் 200 அடித்தோம். இரண்டிலும் தண்டு மெல்ல வெளியே வந்தது, ஆனால் கடைசி ஒரு சென்ரிமீற்றர் வரவே இல்லை. கையால் இழுத்தால் வருகிறது, விட்டால் அங்கேயே தொங்குகிறது, அந்தத் தூரத்தில் எந்தப் பிடிப்பும் இல்லை, லொடலொட என்கிறது. எங்கே பிழைத்தேன்?

லேத்_மேசை:

பிழைத்தது பாதி நான். அளக்கும்போது கசிந்த ஷொக்கை அளக்காதே என்று எழுதியிருக்க வேண்டும்.

ஒயில் கசியக் கசிய அதன் இடத்தை நிரப்ப மிதக்கும் பிஸ்டன் ஒயில் பக்கம் இறங்கி வந்துவிடும். நீ அளந்தது அப்படி இறங்கி நின்ற இடத்தை. அதே ஆழத்தில் வைத்ததால் உள்ளே ஒயில் குறைவு. தண்டு வெளியே வர வர மிதக்கும் பிஸ்டன் கீழே இறங்கி, கடைசிச் சென்ரிமீற்றருக்கு முன்பே குடுவையின் அடியில் முட்டி நிற்கிறது. அதற்குப் பிறகு வாயு ஒயிலைத் தள்ளவில்லை, உள்ளே வெறும் இடம்.

இதில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்று பார். தண்டு 22, குடுவையின் உள் விட்டம் 50 என்று வைத்துக்கொள். தண்டு 1 சென்ரிமீற்றர் நகர்ந்தால் 3.8 சிசி ஒயில். அது குடுவைக்குள் வெறும் 2 மில்லிமீற்றர். நீ விட்ட பிழை அவ்வளவுதான். மறுபக்கமாகப் பிழைத்து மிதக்கும் பிஸ்டனை மேலே வைத்திருந்தால் இன்னும் மோசம், தண்டு உள்ளே போகும்போது அது மூடியில் முட்டும், ஒயில் அமுங்காது, பள்ளத்தில் விழுகிற முதல் அடியில் சீலோ குடுவையோ போகும். 25 சென்ரிமீற்றர் ஓட்டம் உள்ள ஷொக் என்றால் மிதக்கும் பிஸ்டன் கிட்டத்தட்ட 5 சென்ரிமீற்றர் போய்வர இடம் வேண்டும், வாயுவுக்கும் மிச்சம் வேண்டும்.

வலது ஷொக் கசியவில்லை, வாயுவும் சீறியது என்றாய். அதை அளந்து வைத்தாயா?

நிலாவெளி_சுழியோடி:

கடவுளே. அளந்தேன், எழுதவில்லை, ஆனால் அளக்கும்போது படம் எடுத்தேன். போனில் தேடிப் பார்க்கிறேன்.

கிடைத்தது. இடதை விட 4 மில்லிமீற்றர் மேலே.

லேத்_மேசை:

அந்த எண்தான். இரண்டையும் வாயு விட்டுத் திறந்து அங்கே வை.

நிலாவெளி_சுழியோடி:

செய்தாயிற்று. நானா இரண்டாம் தரமும் காசு வாங்கவில்லை, ஆனால் இப்போது மகனோடு மருமகனும் வருகிறாராம். தண்டு இரண்டும் முழுக்க வெளியே வந்து ‘டக்’ என்று நிற்கின்றன, கையால் அமுக்கினால் முழங்கை நடுங்குகிறது.

நேற்று வெறும் வண்டியோடு குச்சவெளி வரை, பிறகு உள்ளே கிறவலில் ஏழெட்டுக் கிலோமீற்றர். ஒரு ஆட்டத்தில் நிற்கிறது. பிறகு சுமை ஏற்றினேன், ஆனால் கம்பிரசரைப் பெட்டியின் கடைசியிலிருந்து கெபினை ஒட்டி முன்னுக்கு நகர்த்தி, ஈயக்கட்டிகளைப் பின் சீற்றுக்குக் கீழே போட்டேன். இறக்கம் 6லிருந்து 4 சென்ரிமீற்றர். சுத்தியல் அடி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேகத்தைக் கொஞ்சம் பிடித்தால் தேநீர் சிந்தாது. ஷிம்மைத் தொடாமலே இவ்வளவு. ஸ்பிரிங் அடுத்த சீசன் காசில் பார்க்கிறேன்.

இரண்டு சின்னக் கேள்வி. தண்டுக்கு மணல் போகாமல் என் பழைய வெட்சூட்டின் கையை வெட்டி உறை மாதிரிப் போடலாம் என்று யோசனை, அளவும் சரியாக வருகிறது. அடுத்தது, வாயு நிற்கிறதா என்று மாதத்துக்கு ஒருதரம் டயர் கேஜ் வைத்துப் பார்க்கலாமா?

கண்டிவீதி_கராஜ்:

வெட்சூட் வேண்டாம் தம்பி, இதில் எனக்கு அனுபவம் உண்டு. அந்த மாதிரி உறை போட்ட வண்டி ஒன்று வந்தது, உள்ளே மணலும் உப்புத் தண்ணியும் ஊறி, தண்டு பூராவும் பொரிந்துபோய். வெளியே தெரியாது, உள்ளே தின்னும். உறை இல்லாமல் விடு, கடற்கரையிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணி அடி. பிரஷர் வோஷை சீல் வாயில் நேரே பிடிக்காதே, ஹோஸ் தண்ணி போதும்.

லேத்_மேசை:

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு.

கேஜ் வைக்காதே. டயருக்குள் அவ்வளவு காற்று இருப்பதால் கேஜுக்குள் கொஞ்சம் போனால் தெரியாது. இந்தக் குடுவையில் வாயு இருக்கிற இடம் ஒரு தேநீர்க் கோப்பைகூட இல்லை, கேஜின் ஹோஸ் நிரம்பவே அழுத்தத்தில் ஒரு பங்கு போய்விடும், கழற்றும்போது ‘புஸ்’ என்று இன்னும் கொஞ்சம். 200 இருந்ததை 160 என்று காட்டும், நீ கசிகிறது என்று மறுபடி பிரிப்பாய். தண்டும் சீல் வாயும் காய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார். அடுத்த மாரியில் நானாவின் ஹோஸோடு சேர்த்து அளந்து அப்படியே நிரப்பிவிடு.

கிண்ணியா_குளிரூட்டி:

அடப்டரை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய் தம்பி. லாச்சியில் போட்டு வைத்திருக்கிறேன்.